எங்கள் ஊருக்கு வராத வெள்ளம்

என் மாமா ரேடியோ செட் வைத்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பரமத்தி வேலூரிலிருந்து காவிரிக் கரையை ஒட்டிப் போகிற சாலையில், வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் மாறி மாறி வருகிற இடத்தில் எங்கள் ஊர். அந்தப் பக்கத்தில் காதுகுத்து, சீர், கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம் என்று எது நடந்தாலும் மாமாவின் குழாய்தான் கத்தும். ரேடியோ செட் என்று பெயரே தவிர அதில் ரேடியோ எதுவும் கிடையாது. பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று, கூம்புக் குழாய்கள், ஒரு மைக், லாரியிலிருந்து கழற்றிய பேட்டரி, இவற்றை ஏற்றிக்கொண்டு திரிய ஒரு குட்டியானை வண்டி. இவ்வளவுதான் மாமாவின் சாம்ராஜ்யம்.

மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அப்பா லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டால் திரும்ப நாளாகும் என்பதால், ஓர் ஆண்பிள்ளைத் துணை இருக்கட்டும் என்று அம்மா அவரைக் கூடவே வைத்திருந்தாள். துணை என்பது பேச்சுக்குத்தான். ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைக்கச் சொன்னால் மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் வண்டியில் டீசல் இருக்காது. அப்படிப்பட்டவர் ஒரு வாரம் பிறருக்காக ஓடியாடி உழைத்தார் என்றால் அதற்கு இலங்கையில் வெள்ளம் வர வேண்டியிருந்தது.

எங்கள் ஊரை அடுத்து இலங்கைத் தமிழர் குடியிருக்கும் முகாம் ஒன்று இருந்தது. அங்கிருந்த ஓர் அக்காவிடம் நான் டியூஷன் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் அம்மா சண்டைக்குப் பயந்து வீடுவாசலை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்தவர். அக்கா முகாமிலேயே பிறந்தவர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, நாமக்கல்லில் கல்லூரி முடித்தவர். அந்த வருஷம் மட்டக்களப்புப் பக்கம் பெருமழை பெய்து ஊர் ஊராக மூழ்கியது. அக்காவின் சித்தி குடும்பம் அங்கேதான் இருந்தது. போன் போட்டால் கிடைக்கவில்லை. அக்கா எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பக்கத்தில் கிடக்கும் போனைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். கடைசியில் ஒருநாள் தகவல் வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. வீடு போய்விட்டது. உடுத்திய துணியோடு ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள்.

சேலத்தில் சில இளைஞர்கள் சேர்ந்து ஊர் ஊராகப் பொருள் திரட்டி, லாரியில் தூத்துக்குடிக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பலேற்ற ஏற்பாடு செய்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு அக்கா பொறுப்பேற்றுக்கொண்டார். ஓரளவாவது சரக்குச் சேர்ந்தால்தான் லாரியை இவ்வளவு தூரம் திருப்ப முடியும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்து கேட்டுக்கொண்டுதான் கிளம்புவோம் என்று அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

இதைக் கேள்விப்பட்ட நிமிஷமே மாமா தொண்டராகிவிட்டார். அதுவரை இலங்கை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. இப்போது டிவியில் மழைச் செய்தி வந்தால் எங்களை வாய் திறக்க விடமாட்டார். அந்த வாரம் தினமும் சவரம் செய்துகொண்டார். வெள்ளத்துக்கும் சவரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா, “அத உம்பட மாமனையே கேளு” என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மாமாவிடமே போய்க் கேட்டேன்.

“சேவைன்னு வந்துட்டாச் சுத்தபத்தமா இருக்கோணும் அம்மிணி” என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

முதலில் எங்கள் தெருவில் மட்டும் கேட்டுப் பார்த்தோம். யாரும் இல்லையென்று சொல்லவில்லை. பீரோவுக்குப் பின்னால், பரண் மேல், மாட்டுக் கொட்டகையில் என்று எங்கெல்லாம் கழித்துக்கட்ட வேண்டியவை கிடந்தனவோ அவற்றையெல்லாம் மனமுவந்து கொடுத்தார்கள். ஒற்றைக் கை போன ஸ்வெட்டர். எலி கடித்த ஜமக்காளம். ஜிப் இல்லாத பேன்ட். ஒரு வீட்டில் ஹெல்மெட் கொடுத்தார்கள். அக்கா ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, திரும்ப மடித்து வைத்தார். “சித்திக்கு இத எப்பிடிங்க அனுப்பறது?” என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

அக்கா ஒரு கேள்வி கேட்டு, அதற்குத் தம்மிடம் பதில் இல்லாமல் போவதா என்று மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் ஒரு திட்டத்தோடு வந்தார். குட்டியானையில் குழாயைக் கட்டிக்கொண்டு ஆற்றோர ஊர்கள் அத்தனைக்கும் போய் அறிவிப்புச் செய்வது. அறிவிப்பைப் படிப்பது நான். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் என்பதால் எனக்கு அந்தத் தகுதி இருந்தது. சின்னப் பிள்ளை குரலில் கேட்டால் யாருக்கும் மறுக்க மனசு வராது என்பது மாமாவின் கணக்கு.

அக்கா எழுதிக்கொடுத்த வாசகம் எனக்கு இன்றும் மனப்பாடம்.

“அன்பார்ந்த பொதுமக்களே! கடல் கடந்த இலங்கையிலே பெரும் வெள்ளம் வந்துவிட்டது. நம் உறவுகள் வீடுவாசலை இழந்து தவிக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்து உதவ, நல்ல துணிமணி, போர்வை, பாத்திரம், அரிசி, பருப்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, இன்று மாலைக்குள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருங்கள்!”

குற்றம் சொல்ல முடியாத வாசகம்தான். ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் மேட்டூர் நிரம்பி, உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். கரையோரச் சனங்கள் எச்சரிக்கையாக இருக்கும்படி தாலுகா ஆபீசிலிருந்து அறிவிப்புச் செய்ய ஏற்பாடு செய்த வண்டி இதே குட்டியானை. குழாயும் இதே குழாய். ஆற்றில் தண்ணீர் ஏறினால் கரையோரச் சனங்களைக் கொண்டுபோய்த் தங்க வைக்கிற இடமும் இதே மேட்டுப் பள்ளிக்கூடம்தான். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாத விஷயங்கள் அல்ல. அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். தூறல் போட்டுக்கொண்டிருந்ததால் மாமா கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். நான் அவர் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். முதல் தடவை படித்து முடித்ததும் மாமா திருப்தியில்லாமல் உச்சுக்கொட்டினார்.

“செய்தி வாசிக்கற மாரி இருக்குது. கொஞ்சம் அழுகற மாரி பேசு சாமி.”

எங்கள் ஆட்டுக்குட்டியை வியாபாரி ஓட்டிக்கொண்டு போன நாளை நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அன்று நான் தேம்பித் தேம்பிப் படித்ததைப் போல அதற்குப் பிறகு எந்த மேடையிலும் படித்ததில்லை.

குடிநீர்க் குழாய் பதிக்கச் சாலையை நெடுகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மாமாவின் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வண்டி குலுங்கினால் பேட்டரியிலிருந்து வரும் வயர் நழுவும். கொர் என்று ஒரு சத்தம் வந்து நாலு சொல்லை விழுங்கிவிடும். அடுத்த குலுக்கலில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த எங்களுக்கு என் நிஜக் குரல்தான் கேட்டது. வெளியே ஊருக்குக் கேட்டது வேறு.

“பொதுமக்களே! கொர்... பெரும் வெள்ளம் வந்துவிட்டது! கொர்... வீடுவாசலை இழந்து... கொர்... துணிமணி, போர்வை, பாத்திரம், அரிசி, பருப்பு... எடுத்துக்கொண்டு... கொர்... மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருங்கள்!”

அதுவும் ஒரு பெண்பிள்ளை கதறி அழுதுகொண்டே சொல்கிறது. இலங்கை என்ற சொல் ஓரிருவர் காதில் விழுந்தது என்றும், அவர்கள் சொன்னதை யாரும் சட்டை செய்யவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

வண்டியைப் பார்த்ததும் சனங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டார்கள். வாய்க்காலில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணியை அப்படியே வாரிச் சுருட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார்கள். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாரு அம்மிணி, நம்ம சனத்துக்கு எத்தன எரக்கம்! ஈரத் துணியக்கோட எடுத்துட்டு ஓடறாங்க பாரு!”

ஒரு கொடிக்கால் ஓரத்தில், தலையில் வெற்றிலைக் கட்டோடு ஒரு பெரியவர் சாலைக்கு நடுவே வந்து வண்டியை மறித்தார். மாமா கண்ணாடியை இறக்கினார்.

“ஏனுங் தம்பி, தண்ணி எத்தன ஒசரமுங்க?”

“ஊட்டுக் கூரையே முங்கிப் போச்சுங்க!”

“அட சாமி! மழ நிக்கற மாரி இருக்குதுங்களா?”

“எங்கீங்க நிக்கறது? இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்குதுன்னு டிவில சொல்றானுங்க.”

“ஆடு மாடெல்லாம்?”

மாமா கண்ணை மூடித் தலையை ஆட்டினார். “ஒன்னுகோட மிஞ்சலீங்க.”

பெரியவர் வெற்றிலைக் கட்டைச் சாலையிலேயே போட்டுவிட்டுக் கொடிக்காலுக்குள் பாய்ந்தார். முன்பின் தெரியாத நாட்டு ஆடுமாடுகளுக்காக இப்படித் துடிக்கிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் அழுகை வந்தது. அதை அடுத்த ஊருக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

எல்லா ஊரும் முடித்துத் திரும்பும்போது டீ குடிக்கலாம் என்று ரோட்டோரக் கடையில் நிறுத்தினோம். கடை திறந்து கிடந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பில் புகைந்துகொண்டிருந்தது. கடைக்காரர் இல்லை. “டீக்கடைக்காரன்கோட கடைய உட்டுட்டுக் குடுக்கப் போயிட்டானா!” என்று மாமா வியந்தார். பொறுப்பாக அடுப்பை அணைத்தார். மிச்சமிருந்த பாலில் எங்கள் இருவருக்கும் டீ போட்டார். எனக்குக் கண்ணாடிப் பாட்டிலிலிருந்து ஒரு தேங்காய் பன் எடுத்துக் கொடுத்தார்.

அதே நேரத்தில் பள்ளிக்கூடத்தில் நடந்ததை அம்மாவும் அக்காவும் சொல்லிப் பல தடவை கேட்டிருக்கிறேன்.

அக்கா காலையிலிருந்து பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெறும் சாக்குகளும் ஒரு மார்க்கர் பேனாவும் தயாராக இருந்தன. முதலில் ஒரு மொபெட் வந்தது. அதில் ஒரு குடும்பமே இருந்தது. குடும்பத்தின் மடியில் மூட்டைகள் இருந்தன. அடுத்து ஒரு டிராக்டர். பிறகு மேட்டுப் பாதை முழுக்கத் தலைகளும் மூட்டைகளுமாகத் தெரிந்தது. அக்கா ஓடிப்போய் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, “ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றிங்க” என்று மூட்டையை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தார். பிள்ளைகள் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் இவ்வளவு மரியாதையாகப் பொருளை வாங்கிப் பத்திரப்படுத்துகிறார்களே என்று சனங்களுக்கும் சந்தோஷம். “என்ற பேர எழுதி வெச்சுரு கண்ணு, மாறிப் போயிரும்” என்றார்கள். கொடுத்தவர் பெயர் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அக்கா எழுதச் சொன்னார்.

அம்மாவுக்கு உண்மை தெரியும். அவள் எங்கள் தெரு முனையில் நின்றுகொண்டு, ஓடுகிறவர்களையெல்லாம் நிறுத்தி, “இங்கில்லீங்க, அது சிலோன்லங்க” என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் நிற்கவில்லை. டிராக்டர் போயிற்று, மாட்டு வண்டி போயிற்று, ஊர்த் தலைவரின் காரே போயிற்று. அத்தனை பேரும் ஓடும்போது ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருப்பது அம்மாவுக்கு என்னவோ போலாகிவிட்டது. சிலோனில் வந்த தண்ணீர் இங்கேயும் வந்திருந்தால்? எதற்கும் இருக்கட்டும் என்று மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு அவளும் மேட்டைப் பார்த்து நடந்தாள்.

பள்ளிக்கூடத்தில் இதற்குள் கோழிகள் வந்துவிட்டன. போர்வை போர்த்திய டிவி வந்தது. கரையோரத்து எருமைக்காரப் பெரியம்மா, தலையில் மூட்டையும் கையில் கயிறுமாகத் தம் எருமையோடு வந்து சேர்ந்தார். அக்காவுக்கு லேசாகக் குழப்பம் தட்டியது. ஒருவர் சைக்கிளில் கேஸ் சிலிண்டரை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தபோது மெதுவாகச் சொன்னார்.

“இது வேண்டாமுங்க. இதெல்லாம் கப்பல்ல ஏத்த மாட்டாங்க.”

“கப்பலா?” என்றார் சிலிண்டர்காரர்.

“ஆமாங்க. பொழுதோட லாரி வந்துரும். அப்பறம் கப்பல்தானுங்க.”

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து அலறினார். “அட, கப்பல் உடறாங்களாமா!”

காவிரியில் கப்பல் விடுகிற அளவுக்குத் தண்ணீர் வருகிறது என்றால் சும்மா இருக்க முடியுமா? வீட்டில் மிச்சம் வைத்துவிட்டு வந்தவர்கள் அதையும் எடுத்துவர ஓடினார்கள். எருமைக்காரப் பெரியம்மா அக்காவின் தோளைத் தட்டி, “ஏஞ் சாமி, கப்பல்ல எருமைக்கு எடமிருக்குமா?” என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துச் சேலத்திலிருந்து போன் வந்தது. சரக்குச் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டார்கள். அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டு, “பெரிய லாரியா அனுப்புங்க” என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. மாமா வண்டியிலிருந்து இறங்கி, அந்தக் கூட்டத்தை ஒரு தலைவர் பார்ப்பதைப் போலப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, பரவாயில்லை என்பதைப் போலக் கையை உயர்த்திவிட்டு, ஆம்ப்ளிஃபயரைப் பள்ளிக்கூட மின்சாரத்தில் மாட்டினார். மைக்கோடு வண்டியின் மேல் ஏறி நின்றார்.

“சொந்தங்களே! உங்க மனசு யாருக்குமே வராதுங்க! ஒரு சத்தங் குடுத்ததுக்கு ஊடு வாசல்ல இருக்கறதெல்லாம் அள்ளிட்டு வந்துட்டீங்க! இத்தனையும் இன்னிக்குப் பொழுதோட லாரில ஏறி, தூத்துக்குடி போயி, கப்பல்ல இலங்கைக்குப் போயிருமுங்க!”

ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது.

“இலங்கைக்கா?” என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது.

“ஆமாங்க! அங்கதானுங்களே வெள்ளம்!”

பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. சனங்கள் சாக்குகளின் மேல் பாய்ந்தார்கள். கட்டிய மூட்டைகள் பல அவிழ்ந்தன. யாருடைய பருப்போ யாருடைய சேலையின் மேலோ கொட்டியது. எருமை மிரண்டு ஐந்தாம் வகுப்புக்குள் போய்விட்டது. வெற்றிலைப் பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “ஊட்டுக் கூரை முங்கிப் போச்சுன்னியேடா!” என்று மாமாவின் காலைப் பிடித்து இழுத்தார். டீக்கடைக்காரர் இன்னொரு காலைப் பிடித்தார். மாமா மைக்கை விடாமல் பிடித்தபடியே கீழே வந்தார். “அய்யோ, அங்கன்னுதானுங்க சொன்னேன்! சட்டைய உடுங்க, புதுச் சட்டைங்க!” என்று அவர் கெஞ்சியதைக் காலையெல்லாம் கொர் கொர் என்று சொதப்பிய குழாய் இப்போது ஒரு சொல்கூடப் பிசகாமல் ஊர் முழுவதற்கும் சொன்னது.

நான் அக்காவிடம் ஓடினேன். அக்கா ஒரு வகுப்பறைத் தரையில் மண்டியிட்டு, சாக்குகளின் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்து, பெயர் பார்த்து, அவரவர் மூட்டையை அவரவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் “மன்னிச்சுக்குங்க” என்றார். லாரி வரப்போகிறது. ஏற்ற ஒன்றுமில்லை. எலி கடித்த ஜமக்காளம் மட்டும் மூலையில் தனியாகக் கிடந்தது.

எருமைக்காரப் பெரியம்மா தம் மூட்டைக்காகக் குனிந்து நின்றார். “ஏம் அம்மிணி, இலங்கைல உனக்கு ஆரு?” என்று கோபம் குறையாமலே கேட்டார்.

“எங்க சித்திங்க” என்றார் அக்கா, முடிச்சை அவிழ்த்தபடியே. “அவியளும் இதே மாரி ஒரு பள்ளிக்கூடத்துலதானுங்க இருக்காங்க. கைல ஒன்னுமில்லாம.”

பெரியம்மா நிமிர்ந்தார். கோழிகளும் குழந்தைகளும் டிவியும் மூட்டைகளுமாகக் கிடந்த அந்த வகுப்பறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தம் மூட்டையைத் தாமே அவிழ்த்து, பிரிக்காத ஒரு போர்வையை எடுத்து அக்காவின் மடியில் போட்டார்.

“எனக்கெதுக்கு ரெண்டு? ஒன்னு உஞ் சித்திக்கு வெச்சுக்கோ.” கொஞ்சம் யோசித்தார். “அரிசியத் தூக்கிட்டு மேட்ட எறங்க என்னால ஆவாது. அதையும் வெச்சுக்கோ. எருமைய மட்டும் வெளீல பத்திக் குடுத்துரு.”

சுற்றி நின்றவர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். கரையோரத்தில் ஓட்டு வீட்டில் இருக்கிற பெரியம்மா போர்வை கொடுத்துவிட்டார், பக்கத்தில் வாழை மண்டிக்காரர் நிற்கிறார். அவர் சும்மா போனால் நன்றாக இருக்குமா? அவர் ஒரு சிப்பம் அரிசியை நகர்த்திவைத்தார். மண்டிக்காரர் கொடுத்த பிறகு ஊர்த் தலைவர் கொடுக்காமல் முடியுமா?

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. தானம் கொடுக்க என்று சொல்லியிருந்தால் இவர்களும் பரணில்தான் தேடியிருப்பார்கள். தங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள என்று நினைத்ததால் வீட்டில் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்து வந்திருந்தார்கள். சீருக்கு வந்த புது வேட்டி, பள்ளிபாளையத்துப் புது பெட்ஷீட், ஓட்டை இல்லாத பாத்திரம். எல்லோர் முன்னாலும் மூட்டை பிரிந்து கிடக்கும்போது, அதில் மட்டமானது இல்லாததால் நல்லதையே கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

சேலத்துப் பையன்கள் லாரியோடு வந்தபோது அசந்துபோனார்கள். வேறெங்கும் இப்படிப்பட்ட சரக்கு சேரவில்லை என்றார்கள். எப்படிக் கேட்டீர்கள் என்று மாமாவிடம் விசாரித்தார்கள். மாமா கிழிந்த சட்டைப் பையை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, “எல்லாம் பிரச்சாரந்தானுங்க” என்றார். அக்கா அன்று முதல் முறையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா ஒரு அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார். இடுப்புப் பிடித்ததாகத் தெரியவில்லை.

லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது நான் அம்மாவைத் தேடிப் போனேன். அம்மா மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அக்காவின் அம்மா. அறிவிப்பை அக்கா எழுதியபோது அவரும் அதே வீட்டில்தான் இருந்தார். வெள்ளம் எங்கே என்பது அவருக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனாலும் சனம் ஓடுவதைப் பார்த்ததும் அவரும் எழுந்து வந்துவிட்டார் போலிருக்கிறது. கூட்டத்துக்குள் போகாமல், வாசலுக்குப் பக்கத்திலேயே, செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சின்னத் துணிப்பை. இரண்டு கையும் அதன் மேல் இருந்தன.

அம்மா அந்தப் பையைப் பார்த்தாள். தன் மிக்ஸியைப் பார்த்தாள். “ஏனுங்க, இத்தனதான் எடுத்துட்டு வந்தீங்களா?” என்று கேட்டாள்.

“இது காணும், பிள்ளை” என்றார் அவர்.

எதையோ காணோம் என்கிறார் என்று எனக்குப் பதறிவிட்டது. அவ்வளவு களேபரத்தில் யார் பொருள் யாரிடம் போயிற்றோ! பாவம், அவர் கொண்டுவந்ததே கொஞ்சம், அதிலும் ஒன்றைத் தொலைத்துவிட்டார். நான் ஓடிப்போய் ஒவ்வொரு வகுப்பாகப் பார்த்தேன். பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கரும்பலகைக்குப் பின்னால் பார்த்தேன். எருமை நின்ற ஐந்தாம் வகுப்பில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தேடினேன். யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு கரண்டி கிடைத்தது. அதைக் கொண்டுபோய், “இதுங்களா?” என்று நீட்டினேன். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

“வேற எங்கியும் இல்லீங்க” என்றேன். மூச்சு வாங்கியது.

அவர் என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். நான் எதைத் தேடினேன் என்று கேட்கவில்லை. என் கன்னத்தில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, “பரவாயில்லை” என்றார்.

சில வருஷம் கழித்து அந்த அக்கா எங்கள் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அம்மா ஆரம்பத்தில் மாமாவோடு பேசாமல் இருந்து பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் பேசாமல் இருக்க முடியாததால் அது நீடிக்கவில்லை. மாமா மணக்கோலத்தில் நின்ற பிறகுதான் சவரத்தின் சங்கதி எனக்கு விளங்கியது. கல்யாணம் முடிந்த புதிதில் ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா மாமாவின் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, “காணுமா?” என்று கேட்டார். மாமா இரண்டு கையாலும் தட்டை மறைத்துக்கொண்டு, “காணும், காணும்” என்றார்.

“என்ன மாமா காணோம்?” என்று நான் கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் பேச்சில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம் என மாமா எனக்குப் பெருமையாக விளக்கினார்.

நான் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அக்காவின் அம்மா எதையும் தொலைத்திருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதுவும் சரியில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில வருஷம் ஆயிற்று.